வழக்குரை காதையில் சொல்லும் சான்றும்

கண்ணகி பாண்டியன் அவையில் உரைத்தவற்றை அவலமும் வெகுளியும் பொங்கி எழுந்த உரையெனக் கற்றோர் பலரும் போற்றுவர். மெய்ப்பாடு நோக்கின் அது பொருந்தும். ஆயினும் அரசன் தன் பிழையை ஒப்பியது வெகுளிக்கு அஞ்சியன்று; சான்று கண்டேயாம். ஆதலின் அவ்வுரையை வழக்காடும் சொல்வன்மையாகவும் ஆராய்தல் தகும் என யாம் கருதுகிறோம்.

இதற்கு முன்னரே, 16ஆம் காதையாகிய கொலைக்களக் காதையில், அடிகள் மற்றொரு பேச்சை அமைத்துள்ளார். கோவலனைக் கண்ட காவலர், அவன் கொலைக்குரியவன் அல்லன் எனத் தோற்றங் கண்டு ஐயுறுகின்றனர். பொற்கொல்லனோ அவர்களை எள்ளி நகைத்து, மந்திரம், தெய்வம் முதலாகக் கள்வர்க்குத் துணையாவன எட்டினைக் களவு நூல் கொண்டு விரிக்கிறான். கள்வர் திறத்திற்குக் கதையொன்றும் காட்டுகிறான். காவலருள் இளையோன் ஒருவன் தான் பட்டறிந்ததையும் அதனோடு சேர்க்கிறான். இவற்றால் கள்வர் வல்லவர் என்பது நிறுவப்பட்டது. கோவலன் கள்வன் என்பது நிறுவப்படவில்லை. சிலம்பின் பரல் யாது என எவரும் வினவவில்லை. கல்லாதவன் ஒருவனின் வாள் வீச்சில் அனைத்தும் முடிகிறது.

20ஆம் காதையாகிய வழக்குரை காதை இதற்கு மறுதலை. புறாவின் துயர் தீர்த்த மன்னனையும், கன்றிழந்த ஆவின் பொருட்டுத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட மன்னனையும் கண்ணகி முதற்கண் நினைவூட்டுகிறாள். இவை புகாரின் பெருமை கூறும் அளவில் நிற்பன அல்ல. முறை வழங்குதற்கு நேரும் இழப்பை ஆள்வோனே ஏற்றல் வேண்டும் என்னும் அளவுகோலை அவை அரசன்முன் வைக்கின்றன.

கள்வனைக் கொல்லுதல் கொடுங்கோல் அன்று என அரசன் விடையிறுக்கிறான். அப்பொதுவிதியோடு கண்ணகி வாதிடவில்லை. வழக்கினை ஒரே வினாவிற்குச் சுருக்கித் தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். தம் சிலம்பின் பரல் முத்து என்கிறான் அரசன். அதன் பின்னரே சிலம்பு உடைக்கப்படுகிறது.

இம்முறைவைப்பே ஈண்டு நோக்கத்தக்கது. பரல் இன்னதென இருவரும் முன்னரே கூறாதிருப்பின், தெறித்த மணி எதனையும் மெய்ப்பித்திராது. பேசுவோன் தன் கலையால் ஆக்கும் சான்று, புறத்தே கிடந்து அவன் எடுத்தாளும் சான்று எனக் கி.மு. 4ஆம் நூற்றாண்டினரான அரிஸ்டாட்டில் இருவகைப்படுத்துவர். சிலம்பு பின்னதன் பாற்படும்; எனினும், அது பேசுதற்குரிய இடத்தை அமைத்தது கண்ணகியின் சொல்லே.

இவ்விரு பேச்சுகளையும் ஒருங்கு வைத்துக் காண்டல் எம் கற்பனை அன்று. அரசன் தன்னையே கள்வன் எனத் தீர்க்குமிடத்து, பொற்கொல்லன் சொல்லைக் கேட்டதனையே தன் குற்றமாகச் சுட்டுகிறான். ஆராயாது கேட்ட சொல்லால் பிழைத்த முறை, ஆராய்தற்கு இடந்தந்த சொல்லால் நிமிர்ந்தது என்க.