14 மாத்திரைக்குப் பிறகு என்ன?

தமிழக அரசு 2023 ஜூனில் தொடங்கிய 'இதயம் காப்போம்' நல்ல திட்டம்தான். நெஞ்சுவலியோடு வருபவருக்குத் துணை சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரை: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாடின் 8.

ஆனா கணக்கு அதோட முடிஞ்சிடக் கூடாது. 1988-ல் வந்த ஐசிஸ்-2 ஆய்வைப் பாருங்க. மாரடைப்பு சந்தேகத்தோடு வந்த 17,187 பேர். ஆஸ்பிரின் மட்டும் கொடுத்தப்போ ஐந்து வாரத்தில் இதய, ரத்தநாள இறப்பு 23% குறைந்தது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மட்டும் கொடுத்தப்போ 25%. இரண்டும் சேர்ந்தப்போ 42%. மாத்திரை பாதி வேலை, மீதி ஊசியில் இருக்கு.

அந்த ஊசி யாருக்குத் தேவை என்பதை ஈசிஜிதான் சொல்லும். இரண்டு மணி நேரத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி கிடைக்காதுன்னா ஊசியைத் தாமதிக்கக் கூடாது என்பது வழிகாட்டுதல். நத்தம், வேடசந்தூர் பக்கத்து கிராமத்தில் இருப்பவருக்கு உயிர் பிரச்சினையே இந்த இடைவெளிதான்.

சின்ன மருத்துவமனைகளைப் பெரிய இதய மையங்களோடு இணைத்த தமிழ்நாடு ஸ்டெமி திட்டத்தில் ஓராண்டு இறப்பு 17.6%-லிருந்து 14.2% ஆனது (2017-ல் வெளியான ஆய்வு). அப்போ இது நம்ம ஊரில் நடக்காத காரியம் இல்லை.

எத்தனை பேருக்கு மாத்திரை கொடுத்தோம் என்பது, சர்வருக்கு எத்தனை கோரிக்கை வந்தது என்று எண்ணுவது மாதிரி. பதில் போக எவ்வளவு நேரம் ஆச்சு? வலி தொடங்கி ஈசிஜிக்கு எத்தனை நிமிடம், ஊசிக்கு எத்தனை நிமிடம்? திண்டுக்கல் மாவட்டத்துக்கு அந்த எண்ணை மாதாமாதம் வெளியிடணும்.