கைகள் கட்டிய வீடு

மட்டக்களப்பு வாவிக்கரையிலுள்ள அமிர்தகழியில் 1939ஆம் ஆண்டு பிறந்து, பூனா திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்று, தமிழகத்தில் புகழ்பெற்று, 2014இல் மறைந்தவர் பாலு மகேந்திரா. நம் மண்ணின் மைந்தர் என்று பெருமை பேசுவதோடு நாம் நின்றுவிடல் ஆகாது. அவர் கலையின் சாரம் யாது என்பதையும் ஆராய்தல் வேண்டும். அதற்கு 'வீடு' (1988) ஒன்றே போதும்.

சென்னையில் வேலைபார்க்கும் சுதா, வாடகை வீட்டைக் காலிசெய்ய நேர்ந்தபோது, தாத்தாவுக்கும் தங்கைக்குமாகச் சிறு வீடொன்று கட்ட முற்படுகிறாள். கதை இவ்வளவே. பாட்டில்லை, சண்டையில்லை. படத்துக்காக மெய்யாகவே ஒரு வீடு எழுப்பப்பட்டது. அவ்வீடு கல்மேல் கல்லாக வளர்வதை நாம் காண்கிறோம்.

இங்கே பிரெஞ்சு நெறியாளர் ரொபேர் பிரெஸ்ஸோன் நினைவுக்கு வருகிறார். 1956இல் வெளிவந்த அவரது படத்தில், மரண தண்டனைக் கைதியொருவன் இரும்புக் கரண்டியைத் தீட்டி, சிறைக் கதவின் பலகைகளை நாள்தோறும் சிறிது சிறிதாகப் பெயர்க்கிறான். படக்கருவி அவன் கைகளை விட்டு அகல மறுக்கிறது. உழைக்கும் கைக்கு அளிக்கப்படும் இம்மதிப்பே இரு கலைஞரையும் இணைக்கிறது.

ஆனால் பிரெஸ்ஸோனின் கைதி மதிலைக் கடந்து விடுதலை பெறுகிறான். சுதாவோ, நிலம் குடிநீர் வாரியத்தால் கையகப்படுத்தப்பட்டது என்னும் செய்தி கேட்டு நீதிமன்றத்தின் வாயிலில் நிற்கிறாள். அவளை எதிர்ப்பது தனிமனிதக் கொடியவன் அல்லன், ஓர் அமைப்பு. இதனைப் பிரசங்கமின்றி உணர்த்தியதே படத்தின் வெற்றி.

ஒப்பந்தக்காரனின் சீமெந்துத் திருட்டை அம்பலப்படுத்துபவள் மங்கம்மா என்னும் கூலித் தொழிலாளி. ஊரார் வீடுகளைக் கட்டும் அவளுக்கு வீடு எப்போது? படம் சுதாவின் கதையாகவே நின்றுவிடுகிறது. இவ்வினாவை நாமே தொடரவேண்டியிருக்கிறது. இது குறையே எனினும், வினாவை எழுப்பும் ஆற்றலும் அப்படத்துக்கே உரியது.

1978ஆம் ஆண்டுச் சூறாவளி, 2009வரை நீடித்த போர், 2004ஆம் ஆண்டுக் கடற்கோள் ஆகியவற்றால் வீடிழந்து, மீண்டும் மீண்டும் கட்டியவர்கள் இவ்வாவிக்கரை மக்கள். 'வீடு' என்னும் சொல்லின் பாரத்தை அவர்களுக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. ஆசிரியர்களும் மாணவர்களும் இப்படத்தைப் பாடசாலை மண்டபங்களில் திரையிட்டு, கண்டபின் கலைந்துவிடாது விவாதிப்பார்களாக. அந்த விவாதத்திலிருந்து, நம் மேசன்மாரின் கைகளையும் மீனவரின் கைகளையும் நோக்கும் படக்கருவியொன்று ஒருநாள் பிறக்குமாயின், அதுவே அமிர்தகழியின் கலைஞனுக்கு நாம் செலுத்தும் மெய்யான அஞ்சலியாகும்.