பிளந்த முனையின் நேர்த்தி

ஓர் உயிரணுவில் எந்தெந்த ஜீன்கள் தொழிற்படுகின்றன என்பதைக் கண்ணாடிச் சில்லின் மீது ஒரே சமயத்தில் கண்டறியும் மைக்ரோஅர்ரே ஆராய்ச்சிக்கு உபகரணம் வாங்கப் புகுவோர், ஸ்கேனரின் விலையையும் மென்பொருளின் பகட்டையும் ஆராய்வதற்கு முன்னர், புள்ளியிடும் ஊசியை உருப்பெருக்கியின் கீழ் வைத்து நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். பேனா நிப்பைப் போல நடுவே பிளந்த அந்த எஃகு முனை, டி.என்.ஏ. கரைசலைத் தன் பிளவில் ஏந்திக்கொண்டு, பாலிலைசின் பூசிய கண்ணாடியைத் தொட்டும் தொடாமலும் தொட்டு, மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே அகலமுள்ள புள்ளியை வைத்துவிட்டு அகல்கிறது. முனை சற்றே நசுங்கினாலும், அறையின் ஈரப்பதம் தவறினாலும், அப்புள்ளியின் வடிவம் குலைந்துவிடும்.

ஸ்டான்ஃபோர்டில் பாட்ரிக் பிரவுன் குழுவினர் அராபிடாப்சிஸ் செடியின் 45 ஜீன்களை இவ்விதம் பதித்து ஆராய்ந்த முடிவை 1995இல் வெளியிட்டனர். புள்ளியிடும் இயந்திரத்தைத் தாமே கட்டிக்கொள்ளும் முறையையும் பின்னர் ஒளிவுமறைவின்றி உலகுக்கு வழங்கினார்களே, அந்த ஔதாரியத்தை எவ்வளவு போற்றினாலும் தகும்.

உபகரணம் வாங்காமல் வெளி நிலையத்திடம் வேலையை ஒப்படைப்போர், புள்ளிகளில் ஸ்கேனர் படிக்கும் சை5 என்னும் சாயம் ஓசோன் பட்டால் விரைவில் மங்கிவிடுமாதலால், ஸ்கேனர் உள்ள அறையில் ஓசோனை அகற்ற ஏற்பாடு உண்டா என்று முதலிலேயே விசாரித்துக்கொள்வது உசிதம்.