கல்லும் நிலமும்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்திலுள்ள லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்தை நாம் காணச் சென்றபோது, முதலில் கண்ணில் பட்டவை நடுகற்களே. 1876 ஜூனில் லகோட்டா, செயென், அரபஹோ மக்களிடம் தோற்று மடிந்த தளபதி கஸ்டரின் பெயரையே இந்நினைவிடம் 1991 வரை தாங்கியிருந்தது. அவருடைய படைவீரர் வீழ்ந்த இடங்களில் 1890இல் வெண்பளிங்குக் கற்கள் நடப்பட்டன. பூர்வகுடி வீரர்களுக்குச் செந்நிறக் கற்கள் நடப்படத் தொடங்கியதோ 1999இல்தான். அவர்களுக்கான நினைவுச்சின்னம் 2003இல் திறக்கப்பட்டது.

தாமதமாயினும் இத்திருத்தம் பாராட்டுக்குரியதே. ஆயினும் போருக்கு வித்திட்ட நிலம் என்னவாயிற்று? 1868 உடன்படிக்கை அம்மக்களுக்கே உறுதியளித்த பிளாக் ஹில்ஸ் மலைகளில் 1874இல் தங்கம் காணப்பட்டது. 1877இல் அவை பறிக்கப்பட்டன. 1980இல் உச்சநீதிமன்றம் உறுதிசெய்த இழப்பீட்டுத் தொகையை சூ மக்கள் இன்றளவும் ஏற்கவில்லை, மலைகளையே கேட்கின்றனர். மாண்டோரைச் சமமாக மதிக்கக் கற்றுக்கொண்ட நினைவிடம், வாழ்வோரின் இவ்வழக்கையும் பார்வையாளர் முன் வைத்தாலன்றி அதன் நீதி முழுமை பெறாது என்பதே நம் கருத்து.