அடுக்களைப் புகையும் அளவைச் சொல்லும்

தமிழில் தருக்கச் சொற்களைப் பற்றிப் பேச்செடுத்தால் எது தமிழ், எது வடசொல் என்ற கணக்கோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கலைச்சொல்லுக்கு அந்த ஒரு தராசு போதாது. பக்கத்துக் கருத்திலிருந்து தன் கருத்தை அது பிரித்துக் காட்டுகிறதா என்பதே முதற்கேள்வி. மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் பௌத்த அளவையை, அதாவது அறிவு பெறும் வழியை, கற்பிக்கிறார். மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம், புகை இருப்பதால் என்பது ஏது, அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம். பெயர்கள் பிராகிருதச் சாயலோடு வந்தவை. காட்டும் சான்றோ நம் வீட்டு அடுக்களை. உபநயம், நிகமனம் என்ற மற்ற இரு உறுப்புகளும் திட்டாந்தத்துக்குள் அடங்கும் என்று அவர் ஒதுக்குமிடத்தில், நியாய நூலாரின் ஐந்து உறுப்பு மூன்றாகச் சுருங்குகிறது. பிழைகளுக்கு வந்ததும் போலி என்ற தமிழ்ச்சொல் கைகொடுக்கிறது: பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10. இலக்கணத்தார் சொல்லும் போலி இதற்கு நேரெதிர். நிலம் நிலன் ஆனாலும் பொருள் அதுவே. ஏதுப்போலியோ பார்வைக்கு ஏதுவாக இருந்தும் ஏது அல்ல. ஆனாலும் முன்னே நிற்கும் சொல் துறையைக் காட்டிவிடுவதால் குழப்பம் இல்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் தமிழாக்கியிருக்கலாமே என்று கேட்கலாம். அதையும் ஓரளவு செய்து பார்த்திருக்கிறார்கள். மணிமேகலையின் 27-ஆம் காதையில் வைதிகவாதி அடுக்கும் அளவைகளில் காண்டல், கருதலோடு உவமம், ஆகமம், அருத்தாபத்தி வருகின்றன. 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பின் மூன்றையும் முறையே ஒப்பு, உரை, பொருள் என்கிறார்; எல்லா அளவைகளையும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்கவும் செய்கிறார். இவற்றுள் ஒப்பு நன்றாகவே பொருந்துகிறது. பொருள்தான் இடறுகிறது. பகலில் உண்ணாதவன் பருத்திருந்தால் இரவில் உண்கிறான் என்று கொள்வதே அருத்தாபத்தி. பண்டம், அர்த்தம், செல்வம் என்று ஏற்கெனவே சுமை தாங்கும் சொல்லின் தலையில் இதையும் ஏற்றினால், உரையாசிரியரின் துணையில்லாமல் படிப்பவர் தடுக்கி விழுவார். அபாவம், ஐதிகம் என்ற வேறு இரு அளவைப் பெயர்களையும் அருணந்தி அப்படியே விட்டுவைத்தது குறையாக எனக்குப் படவில்லை.

வடசொல் பாமரருக்கு எட்டாது என்பது இன்னொரு மறுப்பு. எட்டாமலா விதண்டாவாதம் திண்ணைப் பேச்சுக்கு வந்தது? நியாய நூலில் விதண்டை என்பது தனக்கென்று ஒரு கட்சி நிறுவாமல் எதிரியின் கட்சியை மட்டும் உடைப்பது. திண்ணையில் அது வெறும் வம்பு. தருக்கமும் அப்படியே சச்சரவாகிவிட்டது. எட்டியது சொல் மட்டுந்தான். அது பிரித்துக் காட்டிய வேறுபாடு வழியிலேயே உதிர்ந்துபோயிற்று.