அழுக்கிலும் பொய் உண்டு

நவராத்திரியில் கொலுப் படிகளுக்குக் கீழே நம் வீட்டுப் பெண்கள் ஒரு 'பார்க்' அமைக்கிறார்கள். மண்ணைப் பரப்பிக் கேழ்வரகும் கடுகும் தூவினால் நாலைந்து நாளில் அது புல்வெளியாகிவிடுகிறது. முகம் பார்க்கும் கண்ணாடி குளமாகிறது. குளத்தைச் சுற்றி ஒரு பொம்மை ரயிலும் ஓடும். அவனியாபுரத்திலிருந்து மேற்கே போனால், பசுமலைக்கு அப்பால் விளாச்சேரி இருக்கிறது. கொலுவுக்கு மண் பொம்மை செய்வதே அங்கே பல குடும்பங்களின் பிழைப்பு. அந்தப் பொம்மைகளைப் பார்த்து, "இந்தக் காய்கறிக்காரியின் புடவை ஏன் இவ்வளவு புதிதாக இருக்கிறது?" என்று யாரும் கேட்பதில்லை; கேட்கவும் கூடாது. உலகம் இப்படி இருந்தால் நன்றாயிருக்குமே என்பதுதான் கொலு. அது ஒரு பிரார்த்தனை.

'உலகம் இப்படி இருந்தது' என்று சொல்ல வருகிற பொம்மையும் ஒன்று உண்டு. அதை நிறுக்க வேறு தராசு வேண்டும்.

எங்கள் அவனியாபுரத்தில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். பாங்கி உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மாடி அறையில் எட்டடிப் பலகை ஒன்றைப் போட்டு, அதன் மேல் போடி லைனின் ஒரு சிறிய ஸ்டேஷனைக் கட்டியிருக்கிறார். 1928-ல் மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்குப் போட்ட அந்த மீட்டர் பாதையில் 2010 கடைசியோடு ரயில் நின்றுவிட்டது. 2022-ல் தேனி வரையிலும், 2023-ல் போடி வரையிலும் அகலப் பாதையில் வண்டி வந்துவிட்டது. வசதிதான். ஆனால் பழைய வண்டியைப் பார்க்க வேண்டுமானால் இனி நண்பரின் மாடிக்குத்தான் போகவேண்டும்.

எண்பத்தேழில் ஒரு பங்கு என்பது அவர் எடுத்துக்கொண்ட அளவு. ஐந்தரையடி ஆள் முக்கால் அங்குலம் இருப்பான். சுவிட்சர்லாந்திலும் மீட்டர் பாதைகள் உண்டு. அந்த நாட்டு மாடல்களுக்காகச் செய்யும் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் இவருக்கும் பொருந்திவிட்டது. மற்றதெல்லாம் அட்டையும் தகரமும் கைவேலையும்தான். போடி லைனின் 90 கிலோமீட்டரையும் இந்த அளவில் செய்தால் பலகை ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும். எட்டடியில் அடங்குவது வாஸ்தவத்தில் இருநூறு மீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவே. ஆகவே எதை விடுவது என்பதுதான் முதல் கேள்வி. நாவல் எழுதுகிறவனுக்கு இந்தச் சங்கடம் பழக்கமானது.

அடுத்த கேள்வி அழுக்கு. இந்தக் கலையில் ஈடுபட்டவர்கள் வண்டியைக் கட்டி முடித்ததோடு நிற்பதில்லை. வெயிலும் மழையும் கரியும் பட்டதுபோல் அதைப் பழசாக்குகிறார்கள். அமெரிக்காவில் மான்டெரே என்ற ஊரில் ஜான் ஆலன் என்ற புகைப்படக்காரர் இருந்தார். மாடல் ரயில் என்றால் புது மெருகோடு பளபளக்க வேண்டும் என்று மற்றவர்கள் எண்ணியிருந்த நாளில், அவர் தம் வண்டிகளுக்குத் துருவும் புழுதியும் ஏற்றிக் காட்டினார். 1973 ஜனவரியில் அவர் இறந்தார். சில நாட்களுக்குள் அவர் கட்டிய உலகமும் தீயில் போயிற்று. அவர் எடுத்த புகைப்படங்களிலோ இன்றும் அந்த வண்டிகள் உயிரோடு நிற்கின்றன. அழுக்கு செய்த வேலை அது.

நம் ஊர்களில் ரயில் நிலைய வாசல்களில் பழைய என்ஜின்களை மேடையேற்றி நிறுத்தியிருக்கிறார்களே, அவற்றைப் பாருங்கள். பளபளக்கும் எனாமல் பெயின்ட், சக்கர விளிம்பில் வெள்ளைக் கோடு. நிஜ என்ஜின்தான், ஆனாலும் பார்ப்பதற்குப் பொம்மையாகிவிட்டது. இதையெல்லாம் நினைத்துக்கொண்டு போன எனக்கு நண்பரின் பலகையைப் பார்த்ததும் பரம சந்தோஷம். என்ஜின் முழுவதும் கரி. பெட்டி முழுவதும் துரு. "இதுவல்லவா யதார்த்தம்!" என்று பாராட்டிவிட்டு வந்தேன்.

என் பாராட்டுக்கு ஆயுள் ஒரு வாரம். லோகோ ஷெட்டில் கிளீனராகச் சேர்ந்து, பயர்மேனாகி, டிரைவராக ஓய்வு பெற்ற ஒரு பெரியவரை நண்பர் அழைத்து வந்திருந்தார். எண்பதைத் தாண்டியவர். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு, "என்ன தம்பி, எஞ்சினை இப்படிப் போட்டு வச்சிருக்கீங்க?" என்றார்.

"ஏன் ஐயா, கரி வண்டிதானே?" என்றார் நண்பர்.

"கரி வண்டிதான். அதுக்காகத் துடைக்காம விடுவோமா? கிளீனர்னு எங்களுக்குப் பேரு எதுக்கு வச்சான்? கைக்கு எட்டுற இடமெல்லாம் எண்ணெய் போட்டு வேஸ்ட்டால துடைச்சிருப்போம். பாய்லர் உச்சியில கரி இருக்கட்டும், அங்கே கை எட்டாது. இந்தக் கைப்பிடியில எப்படித் துரு வரும்? ஏறி இறங்கிப் பிடிச்சுப் பிடிச்சு அது வெள்ளி மாதிரியில்ல இருக்கும்?"

எனக்குச் சுருக்கென்றது. நான் யதார்த்தம் என்று கொண்டாடியது வெறும் அசிரத்தை. துலக்கி வைத்த பொய்யைக் கண்டுபிடிக்கத் தெரிந்த எனக்கு, அழுக்குப் பூசிய பொய்யைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. நம் கதைகளிலும் இது நடக்கிறது. ஏழையின் குடிசை என்றால் ஒட்டடையும் ஓட்டைப் பாத்திரமும் எழுதிவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். அந்தக் குடிசை வாசலை ஒருத்தி தினமும் சாணம் தெளித்துப் பெருக்கியிருப்பாள் என்பது நம் பேனாவுக்கு எட்டுவதில்லை.

ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் இருக்கவேண்டும். பாய்லரின் மூட்டுகளில் நீர் கசிந்து காய்ந்தால் படிவது துருவல்ல, வெள்ளைச் சுண்ணாம்பு. பிரேக் கட்டை தேய்ந்து பறக்கும் இரும்புத் தூள் சக்கரத்திலும் பெட்டியின் அடிவயிற்றிலும் பழுப்பாக ஒட்டும், கூரைக்கு ஏறாது. என்ஜின் வழக்கமாக நிற்கிற இடத்தில் ஜல்லி எண்ணெய் குடித்துக் கறுத்திருக்கும். பத்தடி தள்ளி அப்படியிராது. செங்காவிப் பெட்டியின் ஜன்னலுக்குக் கீழே வெற்றிலைச் சாறு வழிந்ததை நண்பர் மறக்கவில்லை. வெளிநாட்டுப் புத்தகம் எதுவும் இதை அவருக்குச் சொல்லித் தந்திராது. ஆனால் நேர் கீழாக வழியவிட்டிருந்தார். ஓடுகிற வண்டியில் துப்பியது பின்பக்கம் சாய்ந்தல்லவா போகும்?

இங்கிலாந்தில் லாங் விட்டன்ஹாம் என்ற கிராமத்தில் பெண்டன் என்றொரு மாடல் காட்சிசாலை இருக்கிறது. அதைத் தொடங்கிய ராய் இங்கிலண்ட் 1925-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர். பழைய கிராமங்கள் தம் கண் முன்னாலேயே மாறுவதைக் கண்டு, போவதற்குள் அவற்றைப் பொம்மையிலாவது காப்பாற்ற வேண்டுமென்று முனைந்தார். நிஜ வீடுகளைப் பார்த்துத்தான் அங்கே மாடல் வீடுகள் எழும்பின. நம் நாட்டிலும் புனேயில் பாவுசாஹேப் ஜோஷி கட்டிய சிறு ரயில் காட்சிசாலை 1998 முதல் இருக்கிறது. போடி லைனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. இந்த எட்டடிப் பலகைதான் சாட்சி. சாட்சி சொல்பவர் ஜாக்கிரதையாகச் சொல்லவேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

நண்பர் கோபித்துக்கொள்ளவில்லை. மறுமுறை போனபோது கைப்பிடிகள் மின்னின. பாய்லரின் பக்கங்களில் துடைத்த பளபளப்பு தெரிந்தது. உச்சியில் மட்டும் கரி. வண்டி அழகாகவும் இருந்தது, உழைத்துக் களைத்ததாகவும் இருந்தது.

ஒரு குறை இன்னும் பாக்கி. பிளாட்பாரத்தில் நிற்கும் ஜனங்கள் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். கோட்டின் மேல் வெள்ளை பூசி வேட்டியாக்கியிருக்கிறார். ஆனால் நிற்கிற நிலை வேட்டி கட்டியவன் நிலையல்ல. நம் ஜனங்கள் ரயிலுக்கு இப்படி விறைத்து நின்றா காத்திருக்கிறார்கள்? கூடையைப் பக்கத்தில் வைத்துக் குத்தவைத்து உட்கார்ந்திருப்பார்கள். அந்த உட்காரலை எந்தக் கம்பெனியும் விற்பதில்லை. "விளாச்சேரியில் கேட்டுப் பாருங்களேன்" என்றேன். முக்கால் அங்குல ஆளை மண்ணில் பிடிக்க முடியுமா என்று நண்பர் யோசிக்கிறார். முடியுமோ முடியாதோ, அந்த ஊர்க் கைகளுக்கு நம் பெண்கள் எப்படி உட்காருவார்கள் என்பது தெரியும்.