கருவிநயப்பும் சமூகநோக்கும்

ஒரு கருவியை நயப்பது வேறு; அதனை விமர்சிப்பது வேறு. ஸ்மார்ட்போன், டெப்லெட் ஆகியன குறித்து ஆர்வலர்கள் எழுதும் மதிப்புரைகளைப் படிக்குந்தோறும் இவ்வேறுபாட்டை வற்புறுத்தவேண்டிய தேவை எமக்குப் புலப்படுகின்றது. திரையின் தெளிவு, கமராவின் நுட்பம், விரல் பட்டதும் பக்கம் நகரும் நளினம் என்பவற்றை அவர்கள் நுணுகி நோக்குகின்றனர். அந்த நுணுக்கத்தை நாம் எள்ளவில்லை. 2007ஆம் ஆண்டு சனவரி 9ஆந் திகதி சான்பிரான்சிஸ்கோவில் ஸ்டீவ் ஜொப்ஸ் அறிமுகஞ் செய்த ஐபோன், பொத்தான் வரிசைகளை ஒதுக்கி விரலையே எழுதுகோலாக்கியது. மனித உழைப்பின் அழகிய பேறுகளுள் அதுவும் ஒன்று. ஆயின், செய்யுளின் ஓசையை வியந்து, அது யாருக்கு என்ன சொல்கின்றது எனக் கேளாதுவிடும் இரசிகரைப் போன்று, இவ்வார்வலரும் உருவத்தோடு நின்றுவிடுகின்றனர்.

இவ்வியப்புகள் யாவும் ஒரு நிறுவனத்தின் மேதைமையிற் பிறந்தவை என்பது அம்மதிப்புரைகள் பலவற்றின் எடுகோள். வரலாறு அவ்வாறன்று. தொடுதிரைபற்றி 1965இல் எழுதிய ஜோன்சன் என்பவர் பிரித்தானிய அரசின் றேடார் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்தவர். இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெற் 1969இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பணத்திற் கட்டப்பட்டது. வழிகாட்டுஞ் செய்மதிகளும் பொதுப்பணத்தில் எழுந்தவையே. இவற்றை இணைத்த திறமை நிறுவனத்துக்குரியது. இணைக்கப்பட்டவற்றுட் பெரும்பங்கு சமூகத்தின் சொத்து.

டெப்லெட்டின் கதை இன்னும் நுணுகி நோக்கற்பாலது. கலிபோர்னியாவிலுள்ள செரொக்ஸ் ஆய்வு நிலையத்திற் பணியாற்றிய அலன் கே, 1972இல் ‘டைனபுக்’ எனும் கருவியொன்றைத் தமது கட்டுரையொன்றில் உருவகித்தார். குறிப்பேட்டினும் பெரிதாகாத அளவு, நான்கு இறாத்தலுக்குக் குறைந்த எடை, ஏறத்தாழ 500 டொலர் விலை என்பன அவர் வகுத்த இலக்குகள். அக்கட்டுரையில் வரும் ஒன்பது வயதுச் சிறுவர் இருவர் விண்கலப் போர் விளையாட்டொன்றை ஆடுகின்றனர். அதிற் சூரியனின் ஈர்ப்பையுஞ் சேர்க்க விரும்பிப் பௌதிகத்தைத் தேடிக் கற்கின்றனர். பிறர் ஆக்கியதை நுகர்வதோடு அமையாது, அதனைத் திறந்து, மாற்றி, தாமே ஆக்கிக் கற்றல் என்பதே டைனபுக்கின் உள்ளடக்கம்.

2010இல் வெளிவந்த ஐபேட்டின் ஆரம்ப விலை 499 டொலர். எடை ஏறத்தாழ ஒன்றரை இறாத்தல். அளவைகளில் அலன் கேயின் கனவு பலித்தது. நோக்கத்தில் நிகழ்ந்தது யாது? சிறுவர் நிரல் எழுதப் பழகுவதற்காக மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் உருவானது ஸ்கிராட்ச். அதில் ஆக்கப்பட்டவற்றை ஐபோனில் இயக்கிக் காட்டிய செயலி, அதே ஆண்டு ஏப்ரலில் அப்பிளின் கடையிலிருந்து நீக்கப்பட்டது. சம்பந்தப்பட்ட விதி சில மாதங்களில் தளர்த்தப்பட்டதும், சிறுவர் நிரல் பயிலுஞ் செயலியொன்றை 2016இல் அந்நிறுவனமே வெளியிட்டதும் உண்மையே. எனினும் அடைக்கவும் திறக்கவும் உரிய அதிகாரம் யார் கையிலிருந்தது என்பதே எமது வினா. ஆசிரியரிடமோ மாணவரிடமோ அது இருக்கவில்லை.

ஆர்வலரின் மதிப்புரை பெரும்பாலும் கருவி வெளிவந்த முதல் வாரத்தில் எழுதப்படுவது. வாங்கியவரோ அதனோடு ஆண்டுக்கணக்கில் வாழ்கின்றார். பற்றரி முதிர்ந்த பழைய ஐபோன்கள் சிலவற்றின் வேகத்தை மென்பொருள்மூலம் மட்டுப்படுத்தியமையை 2017 டிசம்பரில் அப்பிள் ஒப்புக்கொண்டது. கருவி திடீரென அணைந்துபோவதைத் தடுக்கவே அவ்வாறு செய்ததாக விளக்கமுந் தந்தது. தொழில்நுட்ப அளவில் அவ்விளக்கம் பொருந்தலாம். ஆயின், பற்றரியை மாற்றினால் வேகம் மீளும் என்பதை அறியாதவர், கருவியே முதுமையுற்றதெனக் கருதிப் புதியதை நாடுவது இயல்பன்றோ? பாவனையாளருக்கு உரிய முறையில் அறிவிக்கவில்லையென்று பிரான்ஸ் 2020இல் 25 மில்லியன் யூரோ தண்டம் விதித்தது. கையடக்கக் கருவிகளின் பற்றரியைப் பாவனையாளர் தாமே கழற்றி மாற்றக்கூடியதாக இருத்தல் வேண்டுமென, சில விலக்குகளுடன், ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் விதி வகுத்தது. 2027 பெப்ரவரியை அதற்குத் தவணையாகவும் குறித்தது. பற்றரியை உள்ளே ஒட்டி மூடுவது விஞ்ஞானத்தின் நியதியன்று என்பதற்கும், மக்கள் சட்டத்தின்வழி கருவியின் அமைப்பையே மாற்றுவிக்கலாம் என்பதற்கும் இது சான்று.

இயந்திரத்தை வெறுத்துப் பழமைக்கு மீளுமாறு நாம் கூறவில்லை. அது பிற்போக்கு வாதமாகும். மாணவர் கையில் டெப்லெட்டைக் கொடுக்கும் ஆசிரியர், திரையின் பொலிவோடு வேறு சிலவற்றையும் உசாவவேண்டும் என்பதே எமது கருத்து. இதனைக் கொண்டு மாணவர் எதை ஆக்கலாம்? பழுதுற்றால் இதனைத் திறக்க யாருக்கு உரிமையுண்டு? இதன் ஆயுளை நிர்ணயிப்பவர் யார்? இவ்வினாக்களுக்கும் விடை தேடும் மதிப்புரையே விமர்சனம் என்னும் பெயருக்கு உரியதாகும். டைனபுக்கின் சிறுவர் விளையாட்டைத் திறந்து பார்த்தே பௌதிகத்தைக் கற்றனர். எமது மாணவர்க்கும் அவ்வுரிமை வேண்டும்.